வீட்டு மரச்செதுக்கு இயந்திரத்துக்கு எந்த ரவுட்டர் பிட் பொருந்தும்: 6 மி.மீ.யா, இரண்டு நூலா?

வாசக்கால், திண்டுக்கல்

அனைவருக்கும் வணக்கம். 3018 வகையைச் சேர்ந்த, கணினி வழிகாட்டும் சிறிய மரச்செதுக்கு இயந்திரம் ஒன்றை, ஏற்கெனவே பயன்படுத்திய ஒருவரிடமிருந்து நான்கு மாதங்களுக்கு முன் வாங்கினேன். 300க்கு 180 மி.மீ. பரப்பில் செதுக்கும், மேலும் கீழுமாக 45 மி.மீ. வரை நகரும். 775 மோட்டார், அதன் தண்டில் இ.ஆர்.11 கோலெட் பிடிப்பான் (கோலெட் என்பது, சுழன்று வெட்டும் முனையான பிட்டைச் சுற்றிக் கவ்வும் பிளவுபட்ட உலோகக் குழல்). இயந்திரத்துடன் வந்தவை 3.175 மி.மீ. கோலெட் ஒன்றும், வி வடிவ முனை கொண்ட பத்துப் பிட்டுகளும் மட்டுமே. பெயர்ப்பலகைகளில் எழுத்து வெட்டுவதற்கு அவை போதுமானவையாக இருந்தன.

இப்போது எங்கள் பூஜை அறைக் கதவில் பதிப்பதற்காக, 25 மி.மீ. கனமுள்ள தேக்குப் பலகையில் தாமரையும் கொடியும் புடைத்து நிற்கும்படி செதுக்க விரும்புகிறேன். வி பிட்டால் இதழின் வளைவு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு நிலை வைத்துக் கொடுத்த ஆசாரியிடம் கேட்டபோது, "ரெண்டு நூல் பிட்டு வாங்கிக்கங்க, எல்லா தினுசும் கிடைக்கும்" என்றார். அவர் சொன்னபடியே கடையில் கேட்டு, இழுப்பறையிலிருந்து பொறுக்கி எடுத்து 12 பிட்டுகள் வாங்கினேன். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம்தானே என்று 6.35 மி.மீ. கோலெட் ஒன்றையும் இணையத்தில் தனியாக வரவழைத்தேன்.

பிட் உள்ளே நுழைந்தது. நட்டும் நன்றாகவே இறுகியது. பத்து நிமிடம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு மோட்டாரின் ஒலி மாறியதைக் கேட்டு ஓடிப்போய் நிறுத்துவதற்குள், பிட் தானாகவே மூன்று மி.மீ. அளவுக்குக் கீழே இறங்கி, மூன்றாவது இதழை நடுவாகத் தோண்டிவிட்டது. கழற்றிப் பார்த்தால் அதன் தண்டில் வளையம் வளையமாகப் பளபளப்பான கீறல்கள் இருக்கின்றன. கோலெட் மட்டமானதா, நான் இறுக்கியது போதவில்லையா, அல்லது இந்த 12 பிட்டுகளுமே இந்த இயந்திரத்துக்கு ஆகாதவையா? இந்த வகை இயந்திரத்துக்குப் பொருந்தும் பிட்டுகளின் பட்டியல் எங்காவது உண்டா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.


கடைசல்பட்டறை, கோயம்புத்தூர்

வணக்கம். அப்படி ஒரு பட்டியல் தேவையே இல்லை. பிட்டைப் பிடிப்பது கோலெட்தான். ஆகையால் பிட்டின் தண்டு, அதாவது கடைக்காரர்கள் ஷேங்க் என்று சொல்லும் பகுதி, என்ன விட்டம் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வெர்னியர், அதாவது விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி, வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் கடைக்காரர் வாயால் சொல்வதையும் நம்பி கோலெட் வாங்கக் கூடாது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் கையில் இருப்பது 6 மி.மீ. தண்டுள்ள பிட்டாகத்தான் இருக்க வேண்டும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. இரண்டுக்கும் இடையே உள்ள 0.35 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கோலெட்டுக்குத் தெரியும். இ.ஆர். வகைக் கோலெட், எழுதியிருக்கும் அளவிலிருந்து ஏறத்தாழ அரை மி.மீ. வரை சுருங்கக் கூடியது என்பது உண்மைதான். அதனால்தான் உங்களுக்கு நட்டு இறுகியது போலத் தோன்றியது. ஆனால் அந்த எல்லைவரை சுருங்கும்போது அதன் உட்சுவர் முழு நீளத்துக்கும் தண்டைத் தழுவாமல், ஓரிடத்தில் மட்டும் வளையம் போலக் கவ்விக்கொண்டிருக்கும். நீங்கள் பார்த்த கீறல் வளையங்கள் அந்த இடத்தைத்தான் காட்டுகின்றன. பிட் சுருள் வெட்டாக இருந்து, சீவலை மேலே தள்ளும் அப்-கட் வகையாகவும் இருந்தால், சீவல் மேலே போகும் விசைக்கு எதிராகப் பிட் கீழ்நோக்கி இழுக்கப்படும். பிடி தளர்ந்த பிட் மேலே ஏறாமல் பலகைக்குள் இறங்கியதற்குக் காரணம் இதுவே.

கோலெட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த இ.ஆர். முறையை ஸ்விட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1972இல் கொண்டுவந்தது. பிறகு அது டின் 6499 என்ற ஜெர்மன் தர அளவாகவே ஆகிவிட்டதால், யார் செய்த இ.ஆர்.11 கோலெட்டும் உங்கள் பிடிப்பானில் உட்கார வேண்டும். 11 என்ற எண் கோலெட்டின் சொந்தப் பருமனை ஒட்டியது. அதில் நுழையும் தண்டின் அளவு அதிகபட்சம் 7 மி.மீ. தான். எனவே நீங்கள் செய்ய வேண்டியது 6 மி.மீ. என்று எழுதிய இ.ஆர்.11 கோலெட் ஒன்றை வாங்குவது மட்டுமே. காகிதம், அலுமினியத் தகடு, இன்சுலேஷன் டேப் ஆகியவற்றைச் சுற்றி இடைவெளியை நிரப்பும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். என் பட்டறையில் ஒரு பையன் குளிர்பானக் கேனை வெட்டிச் சுற்றினான். பிட் பறந்து போய் எதிர்ச்சுவரின் பூச்சைப் பெயர்த்தது.

மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய இயந்திரத்தோடு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. கோலெட்டை முதலில் நட்டுக்குள் சற்றுச் சாய்த்து அழுத்த வேண்டும். "டக்" என்று உட்காரும். அதன் பிறகுதான் நட்டைப் பிடிப்பானில் திருக வேண்டும். கோலெட்டைத் தனியாகப் பிடிப்பானில் போட்டு அதன்மேல் நட்டைத் திருகினால், அது ஒருபக்கமாக இறுகும். கழற்றும்போதும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிட்டின் தண்டு கோலெட்டின் நீளத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். அதே சமயம் அடியில் போய் முட்டவும் கூடாது. முட்டும்வரை தள்ளிவிட்டு, இரண்டு மி.மீ. மேலே இழுத்து வைத்து இறுக்குங்கள்.

இன்னொன்று. உங்கள் இயந்திரத்தில் கோலெட் பிடிப்பான் தனித் துண்டு. மோட்டாரின் 5 மி.மீ. தண்டில் செருகி, பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூ என்ற தலையில்லாத சிறு திருகு போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தத் திருகு ஒருபக்கம் அழுத்துவதால் பிட் மையத்தில் சுழலாமல் அவுட் அடிக்கும். அந்த ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நேரான பிட் ஒன்றை மாட்டி, வெட்டிய காடியின் அகலத்தை அளந்து பாருங்கள், 3.175 மி.மீ. பிட் 3.4 மி.மீ. காடி வெட்டினால் ஆட்டத்தில் பெரும்பங்கு அந்தப் பிடிப்பானில்தான் இருக்கும்.


பழைய உளி, பெரம்பலூர்

தம்பி, பட்டறை நண்பர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆசாரி மீதும் தவறில்லை, கடைக்காரர் மீதும் தவறில்லை, சொல்லில்தான் வம்பு. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது எங்கள் கணக்கு. ஆகவே இரண்டு நூல் என்றால் சரியாகக் கால் அங்குலம், 6.35 மி.மீ. ஆனால் மில்லிமீட்டர் பிட்டுகள் சந்தைக்கு வந்தபோது அவற்றுக்கு நூலில் பெயர் கிடையாது, 6 மி.மீ. தண்டும் இரண்டு நூலுக்கு ஏறக்குறைய இருப்பதால், இரண்டையும் ஒரே இழுப்பறையில் போட்டு ஒரே பெயரில் விற்கிறார்கள். அரை அங்குலமும் 12 மி.மீ.யும் இப்படியே "நாலு நூல்" என்று ஒன்றாகிவிட்டன. அங்கே இடைவெளி 0.7 மி.மீ. சதைப்பிடிப்பான பெரிய ரவுட்டரில் அதை மாற்றி மாட்டுவது இன்னும் ஆபத்து. உங்கள் 12 பிட்டுகளையும் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

தண்டு பொருந்திவிட்டால் பிட் பொருந்திவிட்டது என்றும் எண்ண வேண்டாம். நீங்கள் வாங்கியவை எந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை என்று பாருங்கள். கடைகளில் கிடைக்கும் ரவுட்டர் பிட்டுகளில் பெரும்பாலானவை, கையில் பிடித்து ஓட்டும் டிரிம்மருக்காகச் செய்தவை. அதன் மோட்டார் 500 முதல் 700 வாட் வரை இழுக்கும். உங்கள் இயந்திரத்தின் மின்வழங்கிக்கு அடியில் 24 வோல்ட், 5 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் மொத்தமே 120 வாட். அதில்தான் நகர்த்தும் மோட்டார்களுக்கும் பங்கு. அந்தச் சுழற்சித் தண்டில் ஓர் அங்குல அகலமுள்ள பிட்டை மாட்டினால், தேக்கில் தொட்டவுடன் நின்றுவிடும், அல்லது சட்டமே அதிரும்.

முனையில் குட்டிப் பேரிங் வைத்த பிட்டுகள் இருக்கின்றனவா? அந்தப் பேரிங் பலகையின் ஓரத்தில் உருண்டு வழிகாட்டுவதற்கானது. கணினி வழிகாட்டும் இயந்திரத்தில் அதற்கு வேலையில்லை. வேலையில்லாதது மட்டுமன்று, பலகையின் நடுவில் இறக்கினால் வெட்டாத பேரிங்தான் முதலில் மரத்தில் முட்டும். அதேபோல அடிப்புறத்தின் நடுவில் வெட்டுவாய் இல்லாத பிட்டுகளும் உண்டு. தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு வெட்டுவிளிம்புகளும் மையத்தைத் தொடாமல் நடுவில் பள்ளம் தெரிந்தால், அதைச் செங்குத்தாக மரத்தில் இறக்கக் கூடாது, சாய்வாக நகர்த்திக்கொண்டே இறக்கும்படி மென்பொருளில் அமைக்க வேண்டும்.

நான் உளி பிடித்துப் பழகியவன். எங்கள் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அங்கே வாகை மரத்தில் ஒரே ஆள் எத்தனை உளி வைத்து வேலை செய்கிறார் என்று பார்த்தால், ஒரே பிட்டில் தாமரை முழுவதையும் முடித்துவிடலாம் என்ற எண்ணம் போய்விடும். கொத்திக் கழிக்க ஒன்று, வளைவுக்கு ஒன்று, நரம்பு கீற ஒன்று என்பது இயந்திரத்துக்கும் பொருந்தும்.


வாசக்கால், திண்டுக்கல்

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. நேற்று மாலை பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் இரவல் வாங்கி 12 பிட்டுகளையும் அளந்தேன். ஒன்பது பிட்டுகள் 5.98 மி.மீ.; மூன்று மட்டும் 6.34 மி.மீ. ஒரே இழுப்பறை, ஒரே கடை, ஒரே நாள். கீழே இறங்கி இதழைக் கெடுத்த பிட் 5.98இல் ஒன்று, சுருள் வெட்டுதான். மறுபடியும் குழம்பாமல் இருக்க, மனைவியின் நகப்பூச்சை வாங்கி ஆறு மி.மீ. தண்டுகளின் அடி நுனியில் சிவப்புப் பொட்டும், இரண்டு நூலுக்குப் பச்சைப் பொட்டும் வைத்துவிட்டேன்.

ஐந்து பிட்டுகளில் பேரிங் இருக்கிறது. அவற்றை ஆசாரியிடமே கொடுத்துவிடப் போகிறேன். மீதமுள்ளவற்றில் நேரான பிட்டுகள்தான் அதிகம், உருண்டை முனையுள்ளது ஒன்றுகூட இல்லை. ஆகவே புடைப்பு வேலைக்கு நான் புதிதாக என்ன வாங்க வேண்டும்? 6 மி.மீ. கோலெட் வாங்கி அந்த வழியிலேயே போவதா, அல்லது இயந்திரத்துடன் வந்த 3.175 கோலெட்டுக்கே பிட் தேடுவதா?


கடைசல்பட்டறை, கோயம்புத்தூர்

3.175க்கே போங்கள். அது அரைக்கால் அங்குலம், உளியாருடைய கணக்கில் ஒரு நூல். மின்சுற்றுப் பலகைகளில் துளையிடும் கார்பைடு (எஃகைவிடக் கடினமான உலோகக் கலவை) பிட்டுகளுக்கு உலகம் முழுவதும் அந்தத் தண்டளவுதான் வழக்கம் என்பதால், அதே தண்டில் மரத்துக்கான வடிவங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் 38 மி.மீ. மொத்த நீளம் கொண்டவை. உங்களுடைய 45 மி.மீ. உயர நகர்வுக்கு அது இன்னொரு வசதி. ரவுட்டர் பிட்டுகள் 50, 60 மி.மீ. என்று நீண்டிருக்கும், 25 மி.மீ. பலகையைப் படுக்கையில் வைத்து, மேலே கிளாம்பும் போட்டபின், அவற்றைத் தூக்கிக்கொண்டு நகர இடமே மிஞ்சாது. மோட்டாரைத் தாங்கியில் மேலே ஏற்றிக் கட்டிச் சமாளிக்கலாம், ஆனால் பிட் எவ்வளவு நீளமாக நட்டுக்கு வெளியே தொங்குகிறதோ அவ்வளவுக்கு நுனி வளையும், அதிரும்.

கடையில் 3 மி.மீ. தண்டுள்ள பர் என்னும் அராவும் முனை வகைகளும், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் 2.35 மி.மீ. தண்டுள்ளவையும் இதே தட்டில் இருக்கும். அவற்றுக்கு அவற்றின் கோலெட் வேண்டும். ஆறு மி.மீ. கதை இங்கே சின்ன அளவில் மறுபடி நடக்கும்.

உங்கள் தாமரைக்கு மூன்று பிட் போதும். முதலில் கழிவை எடுக்க 3.175 மி.மீ. விட்டமுள்ள, இரண்டு வெட்டுவிளிம்பு கொண்ட தட்டை முனைப் பிட். அடுத்து வளைவை வழிக்க டேப்பர் பால்நோஸ்: நுனி உருண்டை, மேலே போகப் போகக் கூம்பாகத் தடித்துத் தண்டோடு சேரும். நுனி ஆரம் 0.5 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். அதே நுனியுள்ள நேரான மெல்லிய பால்நோஸ் தேக்கில் ஒரு முடிச்சு வந்தால் முறியும், கூம்பு தாங்கும். மூன்றாவதாக, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வி பிட்டுகளில் 60 பாகைக்கு அருகில் உள்ளதை இலை நரம்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விளிம்பு உள்ள பிட்டில், ஒவ்வொரு விளிம்பும் 0.04 மி.மீ. சீவலை எடுக்க வேண்டுமானால், 10,000 பெருக்கல் 2 பெருக்கல் 0.04, அதாவது நிமிடத்துக்கு 800 மி.மீ. நகர்த்த வேண்டும். பயந்துகொண்டு 200இல் ஓட்டினால் விளிம்பு வெட்டாமல் தேய்க்கும். மரம் கருகும், பிட்டும் சூடேறி மழுங்கும். கெட்டுப்போன பிட்டுகளை என்னிடம் கொண்டுவருபவர்களில் பாதிப்பேர் மெதுவாக ஓட்டிக் கெடுத்தவர்கள்தான். இயந்திரம் அதிர்ந்தால் நகரும் வேகத்தைக் குறைப்பதற்கு முன், ஒரு தடவைக்கு வெட்டும் ஆழத்தை அரை மி.மீ. ஆகக் குறைத்துப் பாருங்கள். கையில் விழுவது மாவாக இல்லாமல் சிறு சீவலாக இருந்தால் சரியாகப் போகிறது என்று பொருள்.

வழிக்கும் கட்டத்தில் பொறுமை வேண்டும். 200க்கு 150 மி.மீ. பரப்பில் வரிக்கு வரி 0.2 மி.மீ. இடைவெளி வைத்தால் 750 வரிகள். ஒவ்வொன்றும் 200 மி.மீ. மொத்தம் 1,50,000 மி.மீ. நிமிடத்துக்கு 800 என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். இடைவெளியை 0.1 ஆக்கினால் ஆறு மணி நேரம் தாண்டும். 0.5 ஆரத்துக்கு 0.2 இடைவெளியில் வரிகளுக்கிடையே நிற்கும் மேடு 0.01 மி.மீ. தான், இரண்டு இழுப்பு உப்புத்தாளில் போய்விடும். அதற்காக இன்னும் மூன்று மணி நேரம் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷைத் தேய்க்க வேண்டாம் என்பது என் கருத்து.


முதிரை, யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கள் பக்கம் முதிரையிலும் வேம்பிலும் வேலை செய்கிறவன் என்ற முறையில், மரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். முதிரை தேக்கைவிடக் கடினமானது, ஆனாலும் றவுட்டர் பிட்டைத் தேக்குத்தான் விரைவில் மழுக்கும். தேக்கு மரத்தின் நாருக்குள் சிலிக்கா இருக்கிறது, மணல் துகளைப் போல. அது விளிம்பை அராவிக்கொண்டே இருக்கும். ஆகையால் தேக்குக்கு எச்.எஸ்.எஸ். எனப்படும் எஃகுப் பிட் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம், கார்பைடுதான் தாக்குப்பிடிக்கும். ஆனால் கார்பைடு உடையக்கூடியது. சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுந்த பிட்டை, விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்காமல் மறுபடி மாட்டாதீர்கள்.

தேக்கின் எண்ணெய்ப் பசை பிட்டில் பழுப்பாகப் படியும். படிந்த பிட் மழுங்கியதுபோலவே நடந்துகொள்ளும். நல்ல பிட்டைத் தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன். இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். தண்டையும் கோலெட்டின் உட்புறத்தையும் நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே மாட்ட வேண்டும், ஏனென்றால் எண்ணெய்ப் பசை இருந்தால் சரியான அளவுள்ள கோலெட்டிலும் பிட் வழுக்கும். மூன்று மணி நேரம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பதானால் மூக்குக்கும் வாய்க்கும் நல்ல கவசம் போடுங்கள். தேக்குத் தூள் தோலிலும் மூச்சிலும் அரிப்பு உண்டாக்கும்.


வாசக்கால், திண்டுக்கல்

3.175 தண்டில் தட்டை முனை ஒன்றும், 0.5 ஆரமுள்ள டேப்பர் பால்நோஸ் இரண்டும் வாங்கிவிட்டேன். மாட்டுவதற்கு முன் அளந்தேன், மூன்றும் 3.17. வீணான பலகையின் பின்பக்கத்தில் ஒரே ஒரு இதழை மட்டும் நிமிடத்துக்கு 800 மி.மீ. வேகத்தில், அரை மி.மீ. ஆழத்தில் ஓட்டிப் பார்த்தேன். கருகவில்லை, தாமரையின் இதழ் இதழாகத் தெரிகிறது. இரண்டு இதழ்கள் சேரும் மூலையில் மட்டும் கூர்மை வராமல் உருண்டையாக நிற்கிறது. அதற்கு 0.25 ஆரமுள்ள நுனி வாங்க வேண்டுமா? இன்னொரு சந்தேகம்: கீறல் விழுந்த அந்த ஆறு மி.மீ. பிட்டை, 6 மி.மீ. கோலெட் வாங்கினால் மறுபடி பயன்படுத்தலாமா?


பழைய உளி, பெரம்பலூர்

மூலைக்கு நுனி வாங்க வேண்டாம், தம்பி. எவ்வளவு மெல்லிய உருண்டை முனையும் தன் ஆரத்தை மூலையில் விட்டுவிட்டுத்தான் போகும், 0.25 நுனியை வாங்கினால் நேரம் இரட்டிப்பாகும், முறியவும் முறியும். கால் அங்குல உளி ஒன்றைத் தீட்டி வைத்துக்கொண்டு, நாரோட்டம் பார்த்து மூலைக்கு இரண்டு வெட்டு கொடுங்கள். முழுத் தாமரைக்கும் அரை மணி நேர வேலை.

கீறல் விழுந்த தண்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டினால் அது புதுக் கோலெட்டின் உட்சுவரையும் கீறிவிடும். அந்தப் பிட்டை மாட்டவே கூடாது. மேடு இல்லாமல் பளபளப்பு மட்டும் இருந்தால், ஆசாரியின் டிரிம்மரில் 6 மி.மீ. கோலெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது சிவப்புப் பொட்டு எதற்காக என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவரும் அதை இரண்டு நூல் என்றே மாட்டுவார்.